சனிக்கிழமை எறும்புகள்

கிடாயின் இரண்டு கண்களும் பால் ஊற்றியதுபோல் வெளுத்திருந்தன. கண்மாய் நடுவில் ஒரு திட்டு உண்டு. அங்கே இருக்கும் முனியாண்டி சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாய் அது. நான் அப்போது காமயகவுண்டன்பட்டிப் பக்கம் கால்நடை ஆய்வாளர். ஊசி போடத் தெரிந்த எவனையும் ஊரில் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் மறுத்ததில்லை.

கிடாயைக் கரைக்குக் கொண்டுவந்தவர் பலசரக்குக் கடை முத்தையா. "புல்லு கில்லு குத்திருச்சா டாக்டரு?" என்று கேட்டார்.

புல் குத்தினால் ஒரு கண்ணில் குத்தும். "அது மேஞ்ச இடத்துக்கு என்னையக் கூட்டிட்டுப் போங்கண்ணே" என்றேன்.

லாரி டியூப் கட்டிய தெப்பத்தில் போனோம். நல்ல உச்சி வெயில். திட்டு முழுக்கக் கருவேல மரம். கொக்கும் நாரையும் நீர்க்காகமும் கூடு கட்டும் இடம். சீசனில் கரையில் நின்று பேசினால் பக்கத்து ஆளுக்குக் கேட்காது, அவ்வளவு இரைச்சல். அதுவும் சீசன்தான், ஆனால் அன்று துடுப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

இறங்கியதும் தரையே நகர்வதாகத் தோன்றியது. உற்றுப் பார்த்தால் மஞ்சள் எறும்பு. நீளக் கால்கள். வரிசை கிடையாது, வெறி பிடித்ததுபோல் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டம். காய்ந்த சருகுக்கடியில் மெல்லிய சரசரப்பு. கட்டெறும்பு இல்லை, ஓணான் இல்லை, ஒரு சிலந்தி வலைகூட இல்லை. கூட்டிலிருந்து விழுந்த கொக்குக் குஞ்சு ஒன்று உயிரோடு கிடந்தது. அதற்கும் கண் வெளுத்திருந்தது. என் காலடிச் சத்தம் கேட்டுத் தலையைத் திருப்பி, இரை கேட்டு வாயைத் திறந்தது.

"கடிக்காது டாக்டரு, சாதுவான ஜீவன்" என்றார் முத்தையா, காலில் ஏறியதைத் தட்டிவிடாமல். மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். பச்சரிசி மாவும் நாட்டுச் சர்க்கரையும். அங்கிருந்த ஒற்றை வேப்பமரத்தடியில் தூவினார். தரை மொத்தமும் அந்தப் பக்கம் திரும்பியது.

அன்று சனிக்கிழமை. அவர் மகன் செல்வம் பைக்கிலிருந்து விழுந்து படுத்த படுக்கையாகக் கிடந்தவன். சனி தோஷம், எறும்புக்கு இரை போடு என்று ஜோசியர் சொல்லியிருக்கிறார். சாமிக்குக் கொட்டகை போட வெளியூரிலிருந்து தென்னங்கிடுகு கொண்டுபோயிருந்தார்கள், அதில் ஒட்டிக்கொண்டுதான் இவை திட்டுக்கு வந்திருக்க வேண்டும். முத்தையாவோ சாமியே அனுப்பியது என்று நினைத்துவிட்டார்.

"இதுகளுக்குப் போட ஆரம்பிச்சேன், என் மகன் எந்திரிச்சு நடந்தான். அவன் காலு இதுக போட்ட பிச்சை டாக்டரு."

பூச்சியியல் படித்த நண்பருக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினேன். உடனே போன் செய்தார். "எல்லோ கிரேஸி ஆன்ட். கடிக்காது, ஃபார்மிக் ஆசிட்டப் பீச்சும், கண்ணப் பொசுக்கிரும். கடல் நடுவுல ஒரு தீவுல சிவப்பு நண்டுகளக் கூட்டம் கூட்டமாக் கொன்னது இதுதான். ஸ்பிரே அடிச்சா மீன் செத்துரும். சர்க்கரைப் பாகுல போரிக் ஆசிட் லேசாக் கலந்து வைங்க. தின்னுட்டுப் போயி ராணிக்கும் ஊட்டும், கூடே அழிஞ்சிரும்."

வனத்துறையில் அனுமதி வாங்கி, பாகு டப்பாவோடு முத்தையா கடைக்குப் போனேன். அது சாமி இடம், வாராவாரம் இரை போடும் அவரை விட்டால் திட்டில் வேறு யாரும் எதுவும் வைக்க ஊர் விடாது. விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் இருண்டுவிட்டது.

"சோறு போட்ட கையால விஷம் வைக்கச் சொல்றீக. என் மகன் மறுபடி படுத்துட்டா நீங்க வந்து தூக்கி விடுவீகளா?"

அவன் நடந்தது ஆஸ்பத்திரியில் கொடுத்த பிசியோதெரபியில்தான் என்று நாக்கு நுனி வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்து முழுங்கிவிட்டேன்.

உள்ளேயிருந்து செல்வம் சுவரைப் பிடித்தபடி வந்தான். "இங்கிட்டு குடுங்க சார், நான் வைக்கிறேன். அங்கன குஞ்சுக கண்ணவிஞ்சு சாகுதுக. எங்காலு மறுபடி போனா போயிட்டுப் போகுது."

முத்தையா டப்பாவை வெடுக்கென்று பிடுங்கினார். "ஏலே, நீ திட்டுப் பக்கமே வரக் கூடாது. பாவம் என் தலையில விழட்டும்."

என்னோடு தெப்பத்தில் திட்டுக்கு வந்து, மூடியில் ஓட்டை போட்ட டப்பாக்களில் பாகை ஊற்றி, வழக்கமாக இரை தூவும் அதே மரத்தடியில் வைத்தார். பழகிய கை. எறும்புகள் உடனே வந்தன. "மன்னிச்சிருங்க, மன்னிச்சிருங்க" என்று அவற்றிடம் அழுதுகொண்டே சொன்னார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

கிடாய்க்கு ஒரு கண்ணில் பார்வை திரும்பியது. எறும்பு குறைந்ததே தவிர ஒழியவில்லை, விட்டால் பெருகிவிடும். அதனால் சனிக்கிழமைதோறும் முத்தையா இன்னமும் திட்டுக்குப் போகிறார், இரைக்குப் பதில் மருந்தோடு.

புதிதாக வேலைக்கு வரும் தம்பிகளுக்குச் சொல்வேன்: மருந்தைக் கொடுக்குமுன் வாங்குகிறவர் அதனால் எதை இழப்பார் என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார்.

போன மாதம் கடைக்குப் போயிருந்தேன். கொக்குச் சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது. செல்வம் அரிசி மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தான். கல்லாவில் முத்தையா முகம் வாடி உட்கார்ந்திருந்தார்.

"பறவையெல்லாம் வந்திருச்சே, இன்னும் என்னண்ணே கவலை?" என்றேன்.

"வந்திருச்சு டாக்டரு. மகனும் நல்லாத்தான் நடக்குறான்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா ஒவ்வொரு சனிக்கிழமையும் மருந்து வச்சுட்டு வீட்டுக்கு வந்தா, அவன் மொகத்த நான் பாக்குறதில்ல. காலத்தான் பாக்குறேன்."