பெயிண்டர் இறங்காத வழி

பெயிண்டருக்கு மனுஷ ஜாதியைக் கண்டாலே ஆகாது. அதிலும் நடக்கிற மனுஷனைக் கண்டால் அறவே ஆகாது. வாரத்தில் ஐந்து நாள் நகராட்சிக்காக ரோட்டில் கோடு போடுகிற வேலை அவருக்கு. கொளுத்துகிற வெயிலில் குனிந்து, நூல் பிடித்து, தார் மேல் வெள்ளைப் பட்டை பட்டையாக இழுத்து, ஜனங்கள் ரோட்டைக் கடக்க ஒழுங்காக ஒரு வழி செய்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தால், அந்தப் பட்டைக்கு நாலடி தள்ளி ஒரு கும்பல் கடந்துகொண்டிருக்கும். காய்வதற்குள் மிதித்துவிட்டு, "ஐயையோ, செருப்புல ஒட்டிக்கிச்சே" என்று அவரிடமே வந்து நியாயம் கேட்கும். "கண்ணு என்ன, பிடரியிலயா இருக்கு?" என்று அவர் கத்தாத நாள் கிடையாது.

பாக்கி இரண்டு நாளும் மலை. ஊருக்கு வடக்கே நிற்கிற சுண்ணாம்புப் பாறை மலையில், மலையேற்றச் சங்கத்தின் தடத்துக்கு அடையாளம் போடுவது இருபத்தாறு வருஷமாக அவர்தான். அடிவாரத்து இரும்புக் கேட்டில் ஆரம்பித்து உச்சி வரைக்கும் நானூற்றுப் பதினொரு சிவப்புப் பட்டை. ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம், நாலு விரல் அகலம். ஆரம்பத்தில் சங்கத்துக்காரர்கள் வெள்ளையும் சிவப்புமாகப் போடச் சொன்னார்களாம். வெள்ளைப் பாறையில் வெள்ளைப் பட்டை! அந்த யோசனையைச் சொன்ன மகான் செத்துப் பதினைந்து வருஷமாகிறது. பெயிண்டர் இன்னும் அவரைத் திட்டுவதை நிறுத்தவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, மலை லேசுப்பட்டதல்ல. மழைத் தண்ணீர் காலங்காலமாக அரித்து அரித்துப் பாறை முழுக்கக் கத்தி கத்தியாக நிற்கும். தடுமாறிக் கையை ஊன்றினால் உள்ளங்கை கிழியும். மருந்துக்குக்கூட ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. பெய்கிறதையெல்லாம் பொந்துகள் குடித்துவிடும். நடுவில் ஓரிடத்தில் செங்குத்தாக ஒரு பிளவு, அதில் இரும்புப் படி அடித்திருக்கிறார்கள். அதற்கும் மேலே வெறும் பாறைப் பரப்பு. மண் இல்லாததால் காலடித் தடம் விழாது, பாதை என்று ஒன்று தெரியாது. அங்கே சிவப்புப் பட்டையைப் பார்த்துப் பார்த்துத்தான் போக வேண்டும். அதாவது, பெயிண்டரை நம்பித்தான் போக வேண்டும். இந்த நினைப்பில் அவருக்குத் தலைகால் புரியாது.

ஏறுகிறவர்களை அவர் மூன்று தினுசாகப் பிரித்து வைத்திருந்தார். புது ஷூ வாங்கியதற்காக மலைக்கு வருகிற தினுசு. பத்தாவது பட்டையிலேயே போட்டோ எடுத்துவிட்டு, உச்சிக்குப் போய்வந்ததாக ஊரெல்லாம் சொல்கிற தினுசு. இரண்டு கையிலும் குச்சி வைத்துக்கொண்டு நாலு காலால் நடக்கிற தினுசு. யார் வந்து "இன்னும் எவ்வளவு தூரங்க?" என்று கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "இப்பத்தானே ஆரம்பம்." உச்சிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதும் அதையே சொல்லுவார். சொல்லிவிட்டு அவர்கள் முகம் தொங்குவதைப் பார்ப்பதில் அப்படி ஒரு சந்தோஷம். நல்ல மனுஷன்தான் போங்கள்.

இப்படிப்பட்டவருக்கு ஒருநாள் சங்கத்துச் செயலாளர் ஒரு கடிதத்தைக் கொடுத்தார். எழுதியவள் தபால் ஆபீசில் கவுண்டரில் உட்காருகிற ஒரு பெண். மலையிலிருந்து இறங்கும்போது வழி தவறிச் சரளைக்கல் ஓடையில் சறுக்கி விழுந்து, கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. 'இறங்கும்போது அடையாளம் ஒன்றும் தெரியவில்லை. தயவுசெய்து கவனிக்கவும்' என்று மரியாதையாகத்தான் எழுதியிருந்தாள். அதுவரை வழி தவறி முணுமுணுத்தவர்களையெல்லாம் பெயிண்டரின் வாயே அடக்கிவிட்டிருந்தது; எழுத்தில் வந்தது இதுதான் முதல்.

மரியாதை பெயிண்டருக்கு உறைக்குமா? சங்கத்தின் தாளிலேயே பதில் எழுதினார்: 'அம்மணி, மலையில் அடையாளம் இருக்கிறது. பார்ப்பதற்குக் கண் வேண்டும். தபால் தலையில் முத்திரை குத்தும்போது இருக்கிற கவனத்தில் பாதி இருந்திருந்தாலும் உங்கள் காலுக்கு இந்தக் கதி வந்திராது.' எழுதியதை வீட்டுக்காரியிடம் இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். அவள் முருங்கைக்காய் மாதிரி நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள், அவ்வளவுதான்.

ஆனால் அடுத்த மாதம் அதே மாதிரி இன்னும் இரண்டு புகார் வந்தது. இரண்டு பேரும் இறங்கும்போதுதான் வழி தவறியிருந்தார்கள். செயலாளர் பெயிண்டரைக் கூப்பிட்டனுப்பினார். செயலாளர் பேங்க் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். முப்பதாவது பட்டைக்கு மேல் மலையைப் பார்த்ததில்லை. கையெழுத்து இல்லாமல் காற்று வீசினாலும் நம்பமாட்டார்.

"நீங்களே போய் ஏறி இறங்கிப் பாத்துட்டு எழுதிக் குடுங்க. கூட ஒருத்தர் சாட்சிக் கையெழுத்தும் வேணும். குறை ஒண்ணும் இல்லைன்னா அந்தம்மா மேல தப்புன்னு ஃபைலை மூடிடலாம். குறை இருந்துச்சுன்னா..." செயலாளர் இழுத்தார். "அடையாளம் போடற வேலையை வேற ஆள்கிட்டக் குடுக்கவேண்டியதுதான்."

"குறையா? என் பட்டையிலயா?" என்று பெயிண்டர் சிரித்தார். ஆனாலும் அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. நகராட்சி வேலை வயிற்றுக்கு. மலை இல்லையென்றால் அவர் யார்? ரோட்டில் குனிந்து கிடக்கிற ஒரு ஆள்.

சாட்சிக்கு மாப்பிள்ளையைக் கூட்டிப்போகச் சொன்னது வீட்டுக்காரிதான். "வேற யாரைக் கூட்டிட்டுப் போனாலும் உங்க வாய்க்குப் பயந்து பாதியிலேயே திரும்பிடுவாங்க. அவருக்குத்தான் தப்பிக்க வழியில்லை."

மாப்பிள்ளை பல் டாக்டர். அடுத்தவன் வாய்க்குள்ளேயே பார்த்துப் பார்த்து முதுகு லேசாக வளைந்து போனவர். எல்லோரும் தன் நாற்காலியில் படுத்திருப்பதுபோல மெல்லப் பேசுவார். பெயிண்டர் நேரில் "வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க மாப்பிள்ளை" என்று தாங்கினாலும், மனசுக்குள் அவரை ஒரு ஆளாகவே மதித்ததில்லை. ஒப்புக்கு ஒரு கையெழுத்துப் போட இந்தப் பூச்சி போதும் என்றுதான் நினைத்தார்.

காலையில் ஏற ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளைக்கு இருபதாவது பட்டையில் மூச்சு வாங்கியது, அறுபதில் சட்டை நனைந்தது. இரும்புப் படியில் ஏறும்போது ஒவ்வொரு கம்பியையும் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் காலை வைத்தார். "பல்லு இல்ல மாப்பிள்ளை, ஆடாது, வாங்க" என்றார் பெயிண்டர். எல்லாவற்றையும்விட எரிச்சலூட்டியது இன்னொன்று. பத்தடிக்கு ஒருதரம் மனுஷன் நின்று திரும்பிப் பார்த்தார்.

"என்ன மாப்பிள்ளை, எதையாவது தொலைச்சிட்டீங்களா?"

"இல்ல மாமா. இறங்கும்போது எப்படித் தெரியும்னு பாத்துக்கறேன்."

"அதுக்குத்தானே நான் வேலை மெனக்கெட்டுப் பட்டை போட்டு வச்சிருக்கேன்?"

"அதான் மாமா... இங்கேருந்து திரும்பிப் பாத்தா ஒண்ணுகூடத் தெரியலையே."

"முன்னால பாத்து நடங்க. தானாத் தெரியும்" என்று வெட்டினார் பெயிண்டர்.

உச்சியில் ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டார்கள். மாப்பிள்ளை முட்டை ஓட்டைப் பொறுக்கிக் காகிதத்தில் மடித்துக்கொண்டே, குழந்தை மாதிரி ஒரு கேள்வி கேட்டார்: "மாமா, இந்தத் தடத்துல இறங்கும்போது உங்களுக்கு எந்த இடம் கஷ்டமா இருக்கும்?"

பெயிண்டருக்கு வாயில் முட்டை அப்படியே நின்றது. அவர் அந்தத் தடத்தில் இறங்கியதே இல்லை. இருபத்தாறு வருஷத்தில் ஒருதரம்கூட இல்லை. டப்பாவும் பிரஷுமாகக் கீழேயிருந்து பட்டை போட்டுக்கொண்டே ஏறுவார். ஏறுகிற கண்ணுக்கு எது நேரே படுகிறதோ, பாறையின் அந்த முகத்தில் போடுவார். உச்சிக்கு வந்ததும் டப்பா காலி. மறுபக்கம் சரிவாக இறங்கினால் முக்கால் மணி நேரத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற குவாரி ரோடு. அங்கே லாரி ஒன்றில் தொற்றிக்கொண்டால் வீட்டுத் தெருமுனையிலேயே இறங்கலாம். வேலை முடிந்தவன் எதற்கு வந்த வழியே திரும்ப வேண்டும்?

"கஷ்டமா? எல்லாம் சிவனேன்னு இறங்கலாம்" என்றார்.

இறங்கத் திரும்பினார்கள். அங்கேதான் வினை. மூட்டம் இல்லை, மழை இல்லை. பட்டப்பகல். கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளை வெளேரென்று பாறை, அதில் பேருக்குக்கூட ஒரு சிவப்பு இல்லை. நானூற்றுப் பதினொன்றும் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஊரைப் பார்த்து நின்றன. மலைமேலிருந்து வருகிறவனுக்கு ஒன்றுகூடக் கிடையாது. பெயிண்டர் பேந்தப் பேந்த விழித்தார். அடுத்தவன் அப்படி விழித்தால் என்னென்ன சொல்லுவாரோ அத்தனையும் அவர் காதிலேயே கேட்டது.

மாப்பிள்ளைக்கு முன்னால் நிற்க முடியுமா? தெரிந்தவர் மாதிரி இடது பக்கம் விறுவிறுவென்று இறங்கினார். அங்கே சரளைக்கல் ஓடை ஒன்று, வா வா என்று அகலமாகப் போனது.

"மாமா, ஏறும்போது நாம இப்படி வரலையே?"

"எனக்கே வழி சொல்றீங்களா?"

சொல்லி வாயை மூடுவதற்குள் காலடியில் கல் உருண்டது. பெயிண்டர் உட்கார்ந்த வாக்கில் சறுக்கினார். நகத்தால், முழங்கையால், எதாலெல்லாம் பிடிக்க முடியுமோ அதாலெல்லாம் பிடித்து, ஒரு முள்செடியில் கால் முட்டி நின்றார். செடிக்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை, இரண்டு ஆள் உயரத்துக்கு வெறும் காற்று. கீழே பாறை இடுக்கில், கால் முறிந்தால் வைத்துக் கட்டுகிற மரச்சிம்பு ஒன்றும், சுருண்ட கட்டுத்துணியும் கிடந்தன. தூக்கிப் போக வந்தவர்கள் விட்டுப் போனது. அந்தத் தபால் ஆபீஸ்காரி இதே இடத்தில், இதே நினைப்பில்தான் இறங்கியிருக்கிறாள்.

மேலேயிருந்து மாப்பிள்ளை, பழக்கதோஷத்தில், சாந்தமாகச் சொன்னார்: "அசையாதீங்க மாமா. ரொம்ப வலிச்சா கையைத் தூக்குங்க."

"கையைத் தூக்கினா செத்துருவேன்யா!" என்று பெயிண்டர் அலறினார். மகள் கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அவர் மாப்பிள்ளையிடம் மனசாரப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அந்தப் பூச்சிதான் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி நீட்டி, குப்புறப் படுத்து, அவரை இழுத்துப் போட்டது. அதற்குப் பிறகும் அந்தப் பூச்சிதான் வழி கண்டது. பத்தடி இறங்கும், நின்று திரும்பி மேலே பார்க்கும், "இங்க இருக்கு மாமா, வாங்க" என்று கூப்பிடும். பெயிண்டர் போய்ப் பார்ப்பார். பாறையின் கீழ்முகத்தில் பட்டை பளிச்சென்று இருக்கும். இரண்டு மணி நேர இறக்கத்துக்கு ஐந்து மணி நேரம் ஆனது. வழியெல்லாம் அவர் ஒருவரையும் திட்டவில்லை.

அடிவாரத்துக் கேட்டில் மாப்பிள்ளை செயலாளர் கொடுத்த தாளை எடுத்து, பேனா மூடியைத் திறந்து நீட்டினார். "நீங்க என்ன எழுதறீங்களோ எழுதுங்க மாமா. நான் கையெழுத்துப் போட்டுடறேன். வீட்டுலயும் சொல்லமாட்டேன்."

பொய் எழுதினால் மலை அவருடையது. மெய் எழுதினால் பிரஷ் போச்சு. அந்தப் பொய் அவ்வளவு லேசாகக் கையில் வந்து விழுந்தது. மாப்பிள்ளையை ஏறெடுத்துப் பார்த்தார். "உங்களுக்கு வெட்கமா இல்ல?" என்று அவரைத்தான் கேட்டார். கேட்டபிறகுதான் யாரைக் கேட்க வேண்டிய கேள்வி என்று உறைத்தது. தாளை வாங்கி எழுதினார்: 'இறங்குகிறவர்களுக்கு ஓர் அடையாளமும் இல்லை. போட்டவன் ஒருநாளும் இந்த வழியில் இறங்கிப் பார்க்கவில்லை.'

செயலாளர் அதைப் படித்துவிட்டு, வேறு ஆளைப் பார்ப்பதாகச் சொன்னார். பெயிண்டர் பிரஷை மேஜைமேல் வைத்துவிட்டு, அங்கிருந்து நேராகத் தபால் ஆபீஸ்காரியின் வீட்டுக்குப் போனார்.

அவள் ஜன்னலோரக் கட்டிலில், மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் நீட்டிச் சாய்ந்திருந்தாள். கதவைத் திறந்த புருஷனுக்கு, சங்கத்து ஆள் என்றதும் வாயெல்லாம் பல்லாகிவிட்டது. "நல்லா நறுக்குன்னு எழுதினீங்க சார்! நானும் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். தெருமுனை திரும்பவே வழி தெரியாதவளுக்கு மலை ஒரு கேடா? அதான் அந்த மலையேறுற ஷூவைத் தூக்கிக் குடுத்துட்டேன். இருங்க, டீ போட்டுட்டு வரேன்." இவனைப் போன்ற ஆட்களைக் கண்டாலே பெயிண்டருக்கு ஆகாது. ஆனால் இவனுக்குப் பேச அடியெடுத்துக் கொடுத்ததே தன் கடிதம்தான் என்பதும் தெரிந்தது.

"நீங்க இவ்வளவு தூரம் வரணுமாங்க? தப்பு என் மேலதான்" என்றாள் அவள். "நல்லாத் தேடிப் பாத்தேன்னுதான் நினைச்சேன். உங்க பதிலைப் படிச்சப்புறம் என் கண்ணை நானே நம்பறதில்லை. மாத்திரை அட்டையைக்கூட ரெண்டு தரம் படிச்சுட்டுத்தான் பிரிக்கிறேன்."

பெயிண்டர் உட்காரவில்லை. "நீங்க நல்லாத்தாம்மா பாத்திருக்கீங்க. அங்க அடையாளமே இல்லை. நான் ஏறுற பக்கம் மட்டும்தான் போட்டிருக்கேன். நேத்து இறங்கிப் பாத்து, நீங்க விழுந்த இடத்துலயே நானும் விழுந்தேன். தப்பு முழுக்க என் மேல."

அவள் அழவில்லை; பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. அடுப்படிப் பக்கம் திரும்பி, "ஏங்க, இங்க வாங்க" என்று கூப்பிட்டாள்.

புருஷன் இரண்டு கையிலும் டீ டம்ளரோடு வந்து நின்றான்.

"இப்பச் சொன்னதை இவர்கிட்ட இன்னொரு தரம் சொல்லுங்க" என்றாள் அவள்.

பெயிண்டர் சொன்னார். டீ டம்ளரைப் பார்த்து முணுமுணுத்தார். "சத்தமா" என்றாள். முதலிலிருந்து மறுபடி சொன்னார். புருஷன் முகத்தில் ஈயாடவில்லை. டம்ளரை எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என் ஷூவை யாருக்குக் குடுத்தீங்க?" என்று அவள் கேட்டாள்.