சிதம்பரம் டிப்போவுக்கு ஒரு தனி லேஅவுட்

1. ரிப்போர்ட் சீட்

கடலூரில் மாட்டுத் தீவனம் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் பல வருஷங்கள் நான் ரிப்போர்ட் சீட்டில் இருந்தேன். முதல் நாள் அப்போதைய மேனேஜர் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "ஸ்டெல்லா, எதை வேணா தொடு. எதையும் அழிச்சிடாத."

தினமும் காலையில் ஸ்டாக் ரிப்போர்ட் போக வேண்டும். டாக்குமென்ட் ஒன்றுதான். திறந்தால் கீழே வரிசையாக டேப் இருக்கும். ஒவ்வொரு டேபும் ஒரு லேஅவுட். முதலாளிக்குக் கிராஃப், லேப்புக்கு பேட்ச் வாரியான பட்டியல், டிப்போக்களுக்குக் கையிருப்பு. உள்ளே இருக்கும் டேட்டா எல்லோருக்கும் ஒன்றேதான். பேப்பர் சைஸ், மார்ஜின், எழுத்தின் அளவு, எந்த டிப்போவின் கணக்கு வர வேண்டும், எந்தக் காலம் (நெடுவரிசை) மறைய வேண்டும் என்பதெல்லாம் அந்தந்த லேஅவுட்டுக்குத் தனி செட்டிங்.

செட்டிங் பெட்டியின் அடியில் ‘எல்லா லேஅவுட்டுக்கும்’ என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டுவிட்டால், ஒன்றில் செய்த மாற்றம் எல்லாவற்றுக்கும் போய்விடும். புதிதாக வந்தவர்கள் பாதிப் பேர் மாட்டிக்கொண்டது அந்தக் கட்டத்தில்தான். நான் அந்தப் பக்கமே போக மாட்டேன்.

2. கலியபெருமாள் சார்

சிதம்பரம் டிப்போ இன்சார்ஜ் கலியபெருமாள் சார். மாதாந்திர மீட்டிங்குக்குக் கடலூர் வரும்போதெல்லாம் ஒரு தூக்கில் கொத்சு கொண்டுவருவார். கம்ப்யூட்டர் செக்‌ஷனில் அன்றைக்கு யாரும் மதியச் சாப்பாட்டுக்குக் குழம்பு கொண்டுவர மாட்டோம். கத்தரிக்காய் சுட்ட வாசனையும் அவர் சட்டையில் ஒட்டியிருக்கும் தீவனத் தூள் வாசனையும் சேர்ந்து வரும். இப்போது நினைத்தாலும் அந்த ரூம் அப்படியே கண்முன் நிற்கிறது.

ஒரு மீட்டிங் நாளில் என் டேபிள் பக்கம் வந்து நின்றார்.

"ஸ்டெல்லாம்மா, நம்ம டிப்போ பிரிண்டர் மங்கலா அடிக்குது. எழுத்த கொஞ்சம் பெருசு பண்ணித் தர முடியுமா?"

"அதுக்கென்ன சார்."

டிப்போ லேஅவுட்டைக் காப்பி எடுத்து, ‘சிதம்பரம்’ என்று பெயர் வைத்தேன். பேப்பரைப் படுக்கவைத்து லேண்ட்ஸ்கேப் ஆக்கினேன். அவருக்குத் தேவையில்லாத விற்பனை வரிக் காலங்களை மறைத்தேன். பேட்ச் நம்பரை முதல் காலத்துக்குக் கொண்டுவந்து தடித்த எழுத்தில் போட்டேன். மற்ற டேப் எதுவும் அசையவில்லை.

அடுத்த மாதம், "இன்னும் கொஞ்சம்மா" என்றார். அதற்கடுத்த மாதமும் அதையேதான் கேட்டார்.

அன்றைக்கு மீட்டிங் அட்டெண்டன்ஸில் அவர் கையெழுத்து போடும்போது நான் பக்கத்தில் இருந்தேன். தன் பெயருக்கு நேரே போடாமல், கீழே நெய்வேலி டிப்போக்காரரின் கட்டத்தில் போட்டார். நான் பார்த்ததை அவரும் உணர்ந்துவிட்டார். வராந்தாவுக்கு வந்ததும் மெதுவாகச் சொன்னார்.

"கண்ணு சரியா தெரியலம்மா. மானிட்டர் வெளிச்சம் சுத்தமா ஆவல. நீ குடுக்கற பேப்பர வச்சுத்தான் ஓட்டறேன். வூட்டுல கூட சொல்லல. பொண்ணு படிப்பு முடியற வரைக்கும் இந்த வேல இருக்கணும்."

"டாக்டர்கிட்ட காட்டுங்க சார்."

"காட்டறேன், காட்டறேன். நீ யாருகிட்டயும் சொல்லிடாத."

சொல்ல மாட்டேன் என்றேன். அன்று மாலை எழுத்தை இன்னும் ஒரு சுற்று பெரிதாக்கினேன்.

3. ஒரே மாதிரி

பழைய மேனேஜர் ஓய்வு பெற்றதும் சென்னையிலிருந்து வினோத் சார் வந்தார். சின்ன வயசு, வேலையில் சுறுசுறுப்பு. வந்த வாரமே ரிப்போர்ட்டைத் திறந்து டேப் டேபாகப் பார்த்தார்.

"என்னங்க இது, ஒரே டாக்குமென்ட்ல ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இருக்கு? இந்தச் சிதம்பரம் ஏதோ கல்யாண பேனர் மாதிரி இருக்கு. டிப்போ எல்லாத்தையும் ஒரே செட்டிங்ல கொண்டாங்க."

"சார், சிதம்பரம் மட்டும் அப்படியே இருக்கட்டுமே."

"ஏன்? காரணம் சொல்லுங்க."

காரணம் சொன்னால் கொடுத்த வாக்கு போய்விடும். அவரே மவுஸை வாங்கி, எழுத்தின் அளவைக் குறைத்து, ‘எல்லா லேஅவுட்டுக்கும்’ கட்டத்தில் டிக் போட்டார். சிதம்பரம் உட்பட டேப் எல்லாம் ஒரே நொடியில் சின்ன எழுத்துக்கு மாறின.

கலியபெருமாள் சாருக்குப் போன் செய்து சொன்னேன். "பரவால்லம்மா, பாத்துக்கறேன்" என்றார். எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

4. நின்ற லாரி

மழைக்காலம். ஒருநாள் காலையில் லேப்பிலிருந்து அவசரமாக ஆள் வந்தார். சில பேட்ச் தீவனத்தில் பூஞ்சை தெரிகிறது, அதைத் தின்ற மாடு படுத்துவிடும், டிப்போவில் இருப்பதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள் என்றார். நிறுத்த வேண்டிய பேட்ச் நம்பர்களை ரிப்போர்ட்டில் போட்டு எல்லா டிப்போவுக்கும் அனுப்பினோம். சிதம்பரத்தில் அப்போது காட்டுமன்னார்கோயில் பால் சொசைட்டிக்கு லாரி ஏறிக்கொண்டிருந்தது. டிப்போ கிளார்க் அன்றைக்கு லீவு.

வினோத் சார் போனை ஸ்பீக்கரில் போட்டார். "கலியபெருமாள், ரிப்போர்ட் வந்துச்சா? லாரில அந்த பேட்ச் இருக்கா, இல்லயா?"

அந்தப் பக்கம் லோடுமேன்கள் பேசும் சத்தம் மட்டும் கேட்டது. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவர் தப்பித்துவிடலாம்.

"வந்துருக்கு சார். பிரிண்ட் எடுத்து கையில வச்சிருக்கேன். என்னால படிக்க முடியல."

"ஏன், பிரிண்ட் சரியில்லயா?"

"பிரிண்ட் நல்லா இருக்கு சார். என் கண்ணுதான் சரியில்ல. ரொம்ப நாளாவே இப்படித்தான். ஸ்டெல்லாம்மா பெருசா போட்டுக் குடுத்துச்சு, அத வச்சு சமாளிச்சேன். வண்டிய நிறுத்திட்டேன். தெரியாம ஒரு மூட்டைய வெளிய விட மாட்டேன். நம்பர வாயால சொல்லுங்க, மூட்டை மேல அச்சு பெருசா இருக்கும், அத நான் பாத்துடுவேன்."

வினோத் சார் என்னைப் பார்த்தார். நான் ஒவ்வொரு எண்ணாகப் படித்தேன். கலியபெருமாள் சார் திருப்பிச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்துக் குரல் வந்தது. "இருக்கு சார். அடி வரிசையில கெடக்கு. எறக்கச் சொல்லிட்டேன்."

போனை வைத்ததும் வினோத் சார் கத்தவில்லை.

"என்கிட்ட ஏன் சொல்லல நீங்க?"

"அது அவரு சொல்ல வேண்டிய விஷயம் சார்."

வினோத் சார் ரிப்போர்ட்டைத் திறந்து, தான் போட்ட டிக்கைத் தானே எடுத்தார். நாற்காலியை என் பக்கம் தள்ளி, "எழுத்து எவ்ளோ பெருசா வச்சிருந்தீங்க? உக்காந்து போடுங்க" என்றார்.

5. அதற்குப் பிறகு

மறுநாள் வினோத் சாரே காரில் என்னையும் அழைத்துக்கொண்டு சிதம்பரம் போனார். வேலை போய்விட்டது என்று நினைத்து கலியபெருமாள் சார் டிப்போ சாவிக்கொத்தை மேஜைமேல் எடுத்து வைத்திருந்தார். "சாவிய உள்ள வைங்க, கண்ணாஸ்பத்திரிக்குப் போலாம் வாங்க" என்றார் வினோத் சார். பாண்டிச்சேரியில் காட்டினோம். கண்ணில் அழுத்தம் ஜாஸ்தி, போன பார்வை திரும்பாது, சொட்டு மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். விஷயம் தெரிந்த அன்று கலியபெருமாள் சார் வீட்டம்மா என்னிடம் போனில், "இத்தன நாளு மறைச்ச மனுசன நான் என்னா செய்யறது, நீயே சொல்லு" என்று அழுதார். ஆனால் மருந்தை வேளை தவறாமல் விட்டதும் அவர்தான்.

கலியபெருமாள் சார் தன் முழு சர்வீஸையும் முடித்துத்தான் ஓய்வு பெற்றார். பெண் படித்து முடித்து வேலைக்கும் போய்விட்டாள்.

ஆள் போய்விட்டால் அவருக்கான லேஅவுட்டை எடுத்துவிட வேண்டும் என்பது ஆபீஸ் வழக்கம். எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்போம் என்று புது இன்சார்ஜ் கோமதிக்குப் போன் போட்டேன். சேத்தியாத்தோப்புப் பெண்.

"ஐயோ, அழிச்சிடாதீங்கக்கா. அத ஷெட் தூண்ல ஒட்டிருக்கேன். லோடுமேன் அண்ணனுங்க லாரி மேல நின்னுக்கிட்டே நம்பர பாத்துக்கறாங்க. அவுங்களுக்கு அந்தப் பேப்பர்தான் புடிச்சிருக்கு. பெரிய பேப்பர் அடிக்கற பிரிண்டர் கூட வந்துடுச்சு."

ரிப்போர்ட் சீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். செட்டிங் பெட்டியைத் திறக்கும் முன், அந்தப் பேப்பரை யார், எங்கே நின்றுகொண்டு படிக்கிறார்கள் என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். இத்தனை வருஷத்தில் லோடுமேன்களை நான் அப்படிக் கேட்டதில்லை. எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள் என்று அவர்களும் என்னைக் கேட்டதில்லை.

சிதம்பரம் லேஅவுட்டை அன்றைக்கு அழிக்கவில்லை. பேப்பர் சைஸை மட்டும் ஏ4-லிருந்து அதைப்போல இருமடங்கு பெரிய ஏ3-க்கு மாற்றி சேவ் செய்தேன்.