அண்ணையின் இடக்கை

என் எழுதுமேசையின் ஓரத்தில் ஒரு பழைய தோல் கையுறை இருக்கிறது. பேஸ்பால் ஆட்டத்தில் பந்தைப் பிடிப்பவர் போடும் பருத்த கையுறை. அதன் நடுவில் தோல் கறுத்து மெலிந்துபோயிருக்கிறது. அந்த இடத்துக்கு நேர் கீழேதான் என் இடது உள்ளங்கை இருந்தது. ஊரைவிட்டு வந்து, பிரெஞ்சு பேசும் நகரின் சென்ட் லோரன்ட் பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த கட்டடத்தின் பின்னால், கார்கள் வெளியே போனபிறகு கிடைக்கும் வெறும் தரையில் அண்ணை எறிவார். நான் குந்தியிருந்து பிடிப்பேன். அவருடைய வேகத்துக்குப் பயந்து மற்றப் பிள்ளைகள் யாரும் பிடிக்க வரமாட்டார்கள். ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் அவர் கேட்பார்: "நொந்ததோ?" நான் "இல்லை" என்பேன். உள்ளங்கை எரிந்துகொண்டிருக்கும். ஓம் என்று சொன்னால் ஆட்டம் அத்தோடு நின்றுவிடும். அதைவிட, நொந்தது என்று ஒப்புக்கொள்வது எனக்குப் பிடிக்காது. இன்றும் அப்படித்தான்.

அண்ணை இடக்கைக்காரர். சின்ன வயதில் அதற்காக அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறார். சோற்றில் இடது கையை வைத்தால் ஓர் அடி, கோயிலில் இடது கையை நீட்டித் திருநீறு வாங்கப்போனால் இன்னொன்று. பிறகு ஒரு நாள் பள்ளிக்கூடத்துப் பயிற்றுநர் வீட்டுக்கே வந்து, இடக்கையால் இப்படி எறியும் பிள்ளையைத் தான் கண்டதில்லை என்று பிரெஞ்சில் சொன்னார். நான்தான் அதைத் தமிழில் சொன்னேன். அன்றிலிருந்து அந்தக் கைக்கு வீட்டில் தனி மரியாதை. கடையிலிருந்து அரிசி மூட்டை வந்தால் அப்பா தூக்குவார், அவர் வேலையில் நின்றால் நான் தூக்குவேன். "தம்பி, நீ விடு. அந்தக் கையாலை ஒண்டும் தூக்கக்கூடாது" என்பது அம்மாவின் சட்டம்; மகனை அவர் தம்பி என்றுதான் கூப்பிடுவார். கார்க் கதவைக்கூட அண்ணை வலக்கையால்தான் திறக்கவேண்டும். "அது கையில்லை, ராசாவின்ரை வாள்" என்று நான் பழிப்பேன். "ஓமடி, நீ போய் மூட்டையைத் தூக்கு" என்பார் அண்ணை.

அப்பாவும் அம்மாவும் ஊரில் சண்டை நடந்த காலத்தில் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள். அப்பாவுக்கு டோர்வல் விமான நிலையத்தில் துப்புரவு வேலை. அண்ணையும் படிப்பை முடிக்கவில்லை. அமெரிக்க அணி ஒன்று அவரை ஒப்பந்தம் செய்து அழைத்துக்கொண்டது. ஆகவே எங்கள் குடும்பத்தில் படித்துப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். பெருமையாகத்தான் சொல்கிறேன். புள்ளியியல் படித்தேன். அண்ணையின் ஆட்டங்களைத் தூரத்திலிருந்து தொடர்ந்து பார்த்த பழக்கமும் அந்தப் படிப்பும் சேர்ந்து எனக்கு ஒரு வேலையைத் தந்தன. ஒரு பெரிய அணிக்குக் கீழே பல சிறிய அணிகள் இருக்கும். இளைஞர்கள் அங்கே படிப்படியாக ஏறி வருவார்கள். பெரும்பாலானோர் ஏறாமலே வீடு திரும்புவார்கள். யார் மேலே போவார், யார் போகமாட்டார் என்று பார்த்து, குளிர்காலம்தோறும் முப்பது பேரை வரிசைப்படுத்தி ஓர் இணையத்தளத்தில் எழுதுவது என் வேலை. அந்தத் தளம் கவனிக்கும் அணி அண்ணையின் அணிதான்.

இந்தத் தொழிலில் மதிப்பெண் இருபதில் தொடங்கி எண்பதில் முடியும். பெரிய அணியில் ஆடுகிற ஒரு சராசரி ஆட்டக்காரனின் தரம் ஐம்பது. அதை எட்டுவதே அரிது. எனக்கு முன்பு அந்த வரிசையை எழுதியவர் அண்ணையின் வேகப்பந்துக்கு அறுபது கொடுத்து, அவரை ஒன்பதாவது இடத்தில் வைத்திருந்தார். அம்மாவுக்கு இதை விளக்கி வெல்ல முடியவில்லை. கோயிலில் ஒருவர் வாழ்த்தியபோது, "அறுபதுதானாம். பள்ளிக்கூடத்திலையும் உவன் உப்பிடித்தான். தங்கச்சியெண்டால் தொண்ணூறுக்குக் குறைய எடுக்கமாட்டாள்" என்று வெட்கப்பட்டார். அடுத்த மூச்சிலேயே, "ஆனா வாற வருசம் பெரிய ரீமிலை நிப்பான்" என்றும் சொன்னார். மகன் பெரிய அணிக்குப் போவான் என்பதை அவர் சந்தேகித்ததே இல்லை.

வரிசை என் பொறுப்புக்கு வந்த முதல் குளிர்காலத்தில், தளத்தின் ஆசிரியர் அண்ணையின் இடத்தை மட்டும் தான் முடிவுசெய்வதாகச் சொன்னார். நல்ல மனத்தோடுதான் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. எழுதினால் முப்பதையும் நானே எழுதுவேன், உறவை எல்லோருக்கும் தெரியக் குறிப்பிடுவேன், சரியில்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். அவர் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். கோடை முடிவில் அண்ணையின் பந்து வேகம் குறைந்திருந்ததை நான் பார்த்திருந்தேன். களைப்பு என்று அணியில் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைக்க விரும்பினேன்.

பனி கொட்டத் தொடங்கிய நாட்களில் அண்ணை வீட்டுக்கு வந்தார். "வா, கீழை போய் எறிவம்" என்றார். கட்டடத்தின் நிலக்கீழ்க் கார்த் தரிப்பிடத்தில், குழல்விளக்கு வெளிச்சத்தில், நான் பழைய கையுறையைப் போட்டுக்கொண்டு குந்தினேன். அவருடைய கால் எழுந்த விதம், தோள் திரும்பிய விதம், எல்லாம் கண்ணுக்குப் பழையபடியே அழகாக இருந்தன. பந்து வந்து விழுந்தது. "நொந்ததோ?" என்றார். "இல்லை" என்றேன். இன்னொன்று எறிந்தார். இன்னும் வேகமாக எறிய முயன்றது மூச்சிலேயே தெரிந்தது. "நொந்ததோ?" "இல்லை, அண்ணை."

அவர் எறிவதை நிறுத்திவிட்டு என்னிடம் நடந்து வந்தார். என் கையிலிருந்து கையுறையைக் கழற்றி, உள்ளங்கையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். அது சிவக்கவே இல்லை.

"சின்னனிலை நீ இல்லை எண்டேக்கை உந்தக் கை செத்தல் மிளகாய் மாதிரிக் கிடக்கும். எனக்குத் தெரியாதெண்டோ நினைச்சனி?" என்றார். பிறகு மெதுவாக, "இண்டைக்குத்தான் உண்மை சொல்லுறாய்" என்றார்.

"தோளோ?"

"தோள்தான். கோடை முழுக்க நொந்தது. மூடிக்கொண்டு எறிஞ்சன்."

"ரீமுக்குச் சொல்லிப்போட்டியளோ?"

"போன கிழமை சொன்னனான். இனி ரீமிலை வைச்சிருக்கமாட்டாங்கள், விட்டிடுவாங்கள்." அவர் பந்தை வலக்கைக்கு மாற்றினார். "என்னை எத்தினையாவதாப் போடப் போறாய்?"

"முப்பதுக்குள்ளை வராது, அண்ணை."

"அப்ப போடாதை. எழுத வேண்டியதை எழுது. அம்மாவுக்குத்தான் சொல்ல ஏலாமல் கிடக்கு. நான் சொன்னால் அலுப்பிலை கதைக்கிறன் எண்டுவா. நீ எழுதினால் நம்புவா. நீ படிச்சனி."

படித்ததற்காக எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் இதைவிடப் பாரமானது வேறு இல்லை. முப்பது பேரையும் எழுதி முடித்தபின், கீழே வேறாக ஒரு பத்தி சேர்த்தேன். தோளில் காயம், பழைய வேகம் திரும்பும் என்று நான் நினைக்கவில்லை, இவர் என் அண்ணன். அவ்வளவுதான் எழுதினேன். பாராட்டிச் சொல்ல எவ்வளவோ இருந்தது. மற்ற யாருக்கும் எழுதாத ஒரு சொல்லை அவருக்கும் எழுதக்கூடாது என்று விட்டுவிட்டேன்.

வரிசை வெளிவந்த அன்று அம்மா சமையலறை மேசையில் என் எதிரே வந்து இருந்தார். அண்ணை யன்னலோரம் நின்றார்.

"தம்பி எத்தினையாவது, பிள்ளை?"

"இதிலை இல்லை, அம்மா."

"பேந்து சேர்ப்பினமோ?"

"இல்லை."

"ஆர் உதைப் போட்டது?"

"நான்தான்."

அம்மா ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் எழும்பிப்போய், வாசலில் அப்பா வைத்துவிட்டுப் போன அரிசி மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பாமலே சொன்னார்: "தம்பி, உதைத் தூக்கிக்கொண்டு வந்து உள்ளுக்கை வை." அண்ணை குனிந்து மூட்டையை இரண்டு கைகளாலும் தூக்கினார். தோள் நொந்திருக்கும். முகத்தில் காட்டவில்லை. எங்கள் வீட்டில் யாரும் காட்டுவதில்லை. அம்மா மட்டும் முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டு அரிசிப் பானையின் மூடியைத் திறந்து பிடித்திருந்தார்.

இப்போது அண்ணை டோர்வலில் விமானங்களுக்குப் பயணப்பெட்டி ஏற்றுகிறார். நான் இன்னும் வரிசை எழுதுகிறேன். ஒரு பெயரை முப்பதுக்கு வெளியே வைக்கும்போது, எங்கோ ஒரு வீட்டில், யாரோ ஒருவருடைய கையில் இனி மூட்டை ஏறப்போகிறது என்ற நினைவு வரும். அதற்காக எந்த இடத்தையும் நான் மாற்றியதில்லை. ஆனால் அந்த நினைவு வராமல் ஒரு வரிகூட எழுதியதும் இல்லை.

போன ஞாயிறு அண்ணை பியர்பொன்ட்ஸில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். மேசையோரத்துக் கையுறையைக் கண்டதும் எடுத்து என்னிடம் நீட்டினார். "குந்து பாப்பம்" என்றார். வீட்டின் பின்னால் பனி உருகி நிலம் ஈரமாக இருந்தது. குந்தினேன். அவர் தோளை மெல்ல ஒரு முறை சுழற்றிவிட்டு, இடக்கையால் எறிந்தார். பந்து ஒரு குழந்தைக்குப் போடுவதுபோல வளைந்து வந்து, கறுத்த தோலின் நடுவில் விழுந்தது.

"நொந்ததோ?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன்.

அவர் சிரித்தார். கையுறையைக் கழற்றிப் பார்க்க வரவில்லை.