ஜெரினா வரைந்த ஏரி

அவள் போனிலிருந்துதான் அழைப்பு வந்தது. எடுத்ததுமே, "இன்னைக்கும் படகு முழுகிடிச்சி ஜெரினா" என்று நானே முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் பேசியது அவள் அம்மா. "ஜெரினா போயிட்டாம்மா" என்றார். அவள் வரைந்து கொடுத்த தாள் என் மடியில் அப்படியே கிடந்தது.

ஆவடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த ஜெரினாவை உங்களில் பலருக்குத் தெரியும். ஆதார் நகலுக்கும் ஹால் டிக்கெட்டுக்கும் அவளிடம்தானே போய் நிற்போம். கூட்டம் இல்லாத நேரத்தில் தனியாக உட்கார்ந்து பகடை உருட்டி, தாளில் பேனாவால் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருப்பாள். அதையும் பார்த்திருப்பீர்கள்.

நான் முதலில் போனது பேத்தியின் மார்க் ஷீட்டை நகலெடுக்க. ஐந்தாவதோடு நின்றவள் நான். எங்கள் குடும்பத்தில் இன்ஜினீயரிங் போகிற முதல் பெண் அவள். ஒரு நகல் போதும் என்றிருந்தாள். நான் ஒரு கட்டு எடுக்கச் சொன்னேன்.

"இன்னா ஆயா, ஊர் பூரா ஒட்டப் போறியா?"

"ஒட்டுனா இன்னா தப்பு?" என்றேன். "அது சரி, நீ யார்கூட ஆடிகினு கீற?"

"என்கூடத்தான்."

நெட்டில் இப்படித் தனியாள் ஆட்டங்கள் நிறைய இருக்கின்றனவாம். ஒரு தாளில் அச்செடுத்தால் போதும், பகடையும் பேனாவும் வீட்டில் இருப்பதுதான். வீணாய்ப்போன நகலின் பின்பக்கத்தில் எனக்கும் ஒன்று எடுத்து, விதிகளை ஓரத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தாள். தாயம் ஆடிப் பழகிய எனக்கு எதிரில் ஆள் இல்லாமல் ஆட வரவில்லை. வலக்கைக்கு ஒரு தரம், இடக்கைக்கு ஒரு தரம் உருட்டி, இடக்கையைத் தோற்கடித்துவிட்டு, மறுநாள் போய்ப் பெருமையாகச் சொன்னேன். மிஷினைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எதுர்ல ஆளே கிடையாது ஆயா. தாளத்தான் ஜெயிக்கணும்."

பிறகு அவளே ஒரு ஆட்டம் வரைந்தாள். பருத்திப்பட்டு ஏரி, மழை, ஒரு படகு. பகடையில் விழுவதைப் பொறுத்துப் படகு நகரும். ஒன்று விழுந்தால் மட்டும் படகுக்குள் தண்ணீர் ஏறும். தண்ணீர்க் கட்டங்கள் நிரம்பினால் முழுகிப்போகும். எல்லாக் கட்டத்துக்கும் விதி எழுதியிருந்தாள், அக்கரைக் கட்டம் மட்டும் காலி.

"அங்க இன்னா கீது?"

"யாராச்சும் போய்ச் சேரட்டும், அப்ப எழுதறேன். நான் ஒரு தபா கூட சேரல. சேர முடியுமான்னே தெரியல. நீ ஆடிப் பாத்து சொல்லு ஆயா."

"தண்ணி கொஞ்சம் கம்மியா ஏத்தறதுதானே?"

"அப்ப அது மழயா? கொழாத் தண்ணி."

ஆடினேன், முழுகினேன். அதற்குள் அவளுக்கு ரத்தத்தில் புற்று என்றார்கள். டாக்டர்கள் பேசியது எனக்குப் புரியவில்லை. புரிந்தவர்களாலும் ஒன்றும் ஆகவில்லை.

ஆஸ்பத்திரியில் ஊசி ஏறி ஏறி அவள் கை வீங்கியிருந்தது. "நீ உருட்டு, நான் பாக்கறேன்" என்றாள். சாப்பாட்டுத் தட்டில் உருட்டினேன். என்றைக்கும் இல்லாமல் படகு அக்கரையை நெருங்கிவிட்டது. அவள் தலையணையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். அப்போது விழுந்தது ஒன்று.

"தட்டு ஆடிப்போச்சும்மா, அது கணக்குல வாணாம். இன்னொரு தபா போடுங்க" என்றார் அவள் அம்மா. என்னைக் கும்பிடாத குறை.

"வுழுந்தது வுழுந்ததுதாம்மா. எழுது ஆயா" என்றாள் ஜெரினா.

கடைசித் தண்ணீர்க் கட்டத்தை நான்தான் நிரப்பினேன். அவள் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜெரினாவுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்தேன். அதற்குமேல் என்னால் என்ன முடிந்தது?

இப்போதும் ஆடுகிறேன். அவள் இருந்தவரை, சேர்ந்துவிட மாட்டோமா என்று ஆடினேன். இப்போது சேர்ந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. சேர்ந்தால் அங்கே என்ன இருக்கிறதென்று யார் எழுதுவது? நான் எழுத மாட்டேன், அது அவள் கட்டம். அவளிடமிருந்து என்னிடம் தங்கியது, விழுந்ததை விழுந்தபடி எழுதுகிற பழக்கம்தான். ஜெயிப்பதற்காகப் பகடையைத் திருப்பி வைக்கக் கூடாதென்றால், தோற்பதற்காகவும் திருப்பி வைக்கக் கூடாதல்லவா?

இன்றைக்குப் படகு அக்கரை ஓரமாக நிற்கிறது. தண்ணீர் அவ்வளவாக ஏறவில்லை. காலையிலிருந்து பகடையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.