மாடிக்கு வந்த சீரியல் பெரியப்பா

"மாடி போர்ஷன் காலியா இருக்குன்னு சொன்னாங்க... ஒரே ஒரு மாசத்துக்குக் கிடைக்குமா மேடம்?"

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். ஐம்பது வயசிருக்கும். கூலிங் கிளாஸ், தொப்பி, அதுவும் போதாமல் முகத்தில் மாஸ்க். மாஸ்க்கை எல்லாம் நாம் மறந்தே போயாச்சு... இந்த மனுஷனுக்கு மட்டும் எதற்கு?

அதைவிடுங்கள். ஒரு மாதத்துக்கு யார் வீடு கேட்பார்கள்? விருத்தாசலத்துக்கு வருகிறவர்கள் கோயிலுக்குப் போவார்கள், இல்லையென்றால் ஜங்ஷனில் ரயில் மாறுவார்கள். பீங்கான் சரக்கு எடுக்க வருகிறவர்கள் சாயங்காலமே வண்டியேறிவிடுவார்கள். ஒரு மாதம் தங்கிச் செய்ய எங்கள் ஊரில் அப்படி என்ன வேலை?

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் குணம் தெரியும். பால் பாக்கெட்டைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன். கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவரிடம், "நேத்து வந்தவர் எங்கே?" என்று கேட்காமல் விடமாட்டேன். இவரைச் சும்மா விடுவேனா?

"என்ன வேலை பாக்குறீங்க?"

உடனே பதில் வரவில்லை. ஒரு நொடி சும்மா நின்றார். யாரோ பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கக் காத்திருப்பதுபோல. அப்புறம்தான் சொன்னார், "சீரியல்ல நடிக்கிறேன் மேடம்."

மாஸ்க்கைக் கழற்றினார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. நான் சீரியல் பார்ப்பதில்லை. நிஜமாகவே பார்ப்பதில்லை, நம்புங்கள்! பக்கத்து வீட்டு மலர்க்கொடியைக் கூப்பிட்டேன். அவள் ஒரு எபிசோடு விடமாட்டாள்.

மலர்க்கொடி வந்தாள். பார்த்தாள். "அய்யய்யோ... பெரியப்பா!" என்று ரெண்டடி பின்னால் போனாள்.

அந்த சீரியலில் இவர்தான் பெரியப்பாவாம். தம்பி குடும்பத்தை ஒழிக்கவே பிறந்தவர். மருமகள் குடிக்கிற பாலில் விஷம் வைத்தது, காரில் பிரேக்கைப் பிடுங்கியது... எல்லாம் இவர் வேலைதானாம்.

"வணக்கம்மா. நல்லா இருக்கீங்களா?" என்றார் அவர்.

மலர்க்கொடியின் முகம் மாறியது. என் கையைப் பிடித்து நேரே சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"அக்கா, இது அந்த ஆளு இல்லக்கா. மூஞ்சி அதான். கொரலு வேற. அவரு பேசுனா வூடே அதிரும். இந்த ஆளுக்கு என்னக்கா, கீச்சுக் கொரலா இருக்குது?"

மலர்க்கொடியின் வார்த்தைக்கு எங்கள் தெருவில் மதிப்பு உண்டு. அவள் பீங்கான் கம்பெனியில், சூளையிலிருந்து வருகிற சரக்கைத் தட்டிப் பார்க்கிறவள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் காதுக்குத் தெரிந்துவிடும். 'ணங்' என்றால் பாஸ், 'டொக்' என்றால் குப்பை. எங்கள் ஊர்க்காரர்கள் வெளியூர்க் கடைக்குப் போனாலும் கப்பைத் தட்டிப் பார்க்காமல் காசு கொடுக்கமாட்டார்கள். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டுமே!

"ஒரே அச்சுல ஊத்துனதுதாங்க்கா ரெண்டு ஆளும். ஆனா இது டொக்கு" என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

ஆதார் கார்டைக் கேட்டேன். கலியபெருமாள் என்றிருந்தது. டிவியில் போடுகிற பேர் வேறாம், ஏதோ ஸ்டைலான பேராம். மூஞ்சி ஒன்று, குரல் ஒன்று, பேர் ஒன்று. இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் என் வீட்டுக்காரர் இருக்கிறாரே... அதற்குள் சாவியைக் கொடுத்துவிட்டார்! "பாவம், நல்ல மனுஷனாத் தெரியறாரு" என்றார். ஏமாந்தவர்கள் எல்லாரும் போலீஸ் ஸ்டேஷனில் முதலில் சொல்கிற வாக்கியம் இதுதான் என்றேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். தினமும் காலையில் ஒரு பழைய டூ வீலரில் கம்மாபுரம் பக்கம் கிளம்பிவிடுவார். மத்தியானம் வருவார். வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே சத்தம்.

மாடிப்படியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். (ஒட்டுக் கேட்கவில்லை. துணி காயத்தானே வேண்டும்?) உள்ளேயிருந்து கேட்டது:

"இது எங்க அப்பா வீடு. யார் வந்தாலும் நான் எழுந்திருக்க மாட்டேன்."

மறுபடி, "இது எங்கப்பன் வூடு. எவன் வந்தாலும் ஏந்திரிக்க மாட்டேன்."

யார் அப்பன் வீடு? என் மாமனார் கட்டிய வீடு ஐயா இது! ஒரு மாதத்துக்கு என்று வந்துவிட்டு, காலி பண்ணமாட்டேன் என்று இப்போதே ஒத்திகை பார்க்கிறாரா? வாடகைக்கு விட்டவர்களுக்குத்தான் தெரியும் அந்தப் பயம்.

நாலாம் நாள் காலை மலர்க்கொடி மூச்சு வாங்க ஓடி வந்தாள். அவள் அண்ணன் கொளஞ்சி, கம்மாபுரம் பக்கத்துக் கிராமத்தில் விவசாயம் பார்க்கிறவர். அவர் போன் பண்ணியிருக்கிறார். "அக்கா, உங்க மாடி வூட்டு ஆள ஊர்ல புடிச்சி வச்சிருக்காங்களாம். போன புடுங்கிட்டாங்களாம். உங்கள வரச் சொல்றாங்க."

வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தேன். அந்தப் பார்வையில் எல்லாம் இருந்தது. மலர்க்கொடியின் ஸ்கூட்டியில் ஏறிக் கிளம்பினேன்.

டீக்கடை வாசலில் இருபது முப்பது பேர். நடுவில் பெஞ்சில் நம்ம ஆள். கொளஞ்சி கையில் அவருடைய செல்போன்.

"பாருங்கக்கா, நாலு நாளா வந்து குந்திக்கினு, நாங்க பேசுற பேச்சையெல்லாம் இதுல புடிச்சி வச்சிருக்காரு. நெலத்தப் பத்தி பேசுனது, கோவத்துல திட்டுனது... எல்லாம் இருக்குது. எந்த ஆபீசுக்குப் போவுதோ! புரோக்கரா, சர்வே ஆளா? கேட்டா நடிகன்றாரு."

அவர்கள் சந்தேகத்தில் நியாயம் இருந்தது. நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டிய ஊர்கள் அவை. சும்மா பேச்சுக் கொடுக்க ஒரு ஆள் வருவார், டீ வாங்கித் தருவார். கொஞ்ச நாளில் சுரங்கத்துக்கு நிலம் எடுக்க வயலில் கல் நட்டிருக்கும். அங்கே புது ஆளைப் பார்த்துப் பயப்படாமல் என்ன செய்வார்கள்?

"நீ பெரியப்பான்னா அந்த வசனத்தச் சொல்லு பாப்பம்" என்றது ஒரு குரல்.

சொன்னார். அந்தக் கீச்சுக் குரலில், "வேரோட புடுங்கிடுவேன்டா!" என்று. கூட்டம் சிரித்தது.

அப்போதுதான் அவர் அந்தத் தப்பைச் செய்தார். போனை வாங்கி, சென்னையில் ஒருவருக்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டார். "எனக்கு டப்பிங் பேசறவருங்க. அவரையே கேளுங்க."

"சொல்லுங்கண்ணே..."

அவ்வளவுதான். ஸ்பீக்கரில் அந்தக் குரல் வந்ததும் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். "ஏய், பெரியப்பாடா!" மலர்க்கொடி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

ஒரு அம்மா போனுக்குக் கிட்டே வந்து, "ஏன் சார், அந்தப் புள்ளைக்குப் போயி பால்ல வெசம் வச்சீங்களே, நல்லாவா இருக்குது?" என்று சண்டைக்குப் போனார்.

கொளஞ்சி சொன்னார், "சார், இங்க ஒரு ஆளு உங்க பேரச் சொல்லிக்கினு திரியறாரு சார்."

"ஐயோ, அவர்தாங்க நடிகர்! நான் வெறும் குரல்தான்."

"பாத்தியா... எவ்ளோ பெரிய ஆளு, எவ்ளோ அடக்கமா பேசுறாரு பாத்தியா!"

சிரிக்காதீர்கள். நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன். எனக்கும் அந்த போனைத்தான் நம்பத் தோன்றியது.

கலியபெருமாள் எழுந்தார். முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"யோவ்! போதும் நிறுத்துங்கய்யா! மூஞ்சி என்னுதுய்யா! எங்கப்பன் பொறந்த ஊருய்யா இது. அந்தாண்ட, இப்போ மண்ணு மேடு இருக்குது பாரு, அங்கதான் அவரு காணி. அத சொரங்கத்துக்கு எடுத்துக்கினாங்க. வூடும் போச்சி. மெட்ராசுக்குப் போனேன், கொரலு சரியில்ல, ஊரு வாடை அடிக்குதுன்னு அதயும் புடுங்கிக்கினானுவ. இன்னும் எங்கிட்ட இன்னாய்யா இருக்குது உங்களுக்குக் குடுக்க?"

ஒரு வார்த்தைக்கும் அவர் காத்திருக்கவில்லை. சொல்லும்போதே அழுதுவிட்டார்.

கொளஞ்சி என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார், "இன்னாமா நடிக்கிறாரு பாருங்கக்கா..."

யாரும் சிரிக்கவில்லை. போன் இன்னும் கட் ஆகாமல் இருந்தது. அதிலிருந்து அந்தப் பெரிய குரல், இப்போது ரொம்பச் சின்னதாக வந்தது.

"அண்ணே... இத என்னால பேச முடியாதுண்ணே. இத நீங்கதான் பேசணும்."

நான்கு நாளாக இந்த மனுஷனைப் பற்றி என்னென்ன நினைத்தேன்!

தண்ணீர் குடித்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார். சின்ன வயசில் ரயிலேறியவர். கூட்டத்தில் ஒருத்தர், லத்தியோடு ஓடுகிற கான்ஸ்டபிள், ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வந்து தலையை ஆட்டிவிட்டுப் போகும் டாக்டர்... சினிமாவில் அவ்வளவுதான். அப்புறம் சீரியல். அங்கே அசிஸ்டென்ட் டைரக்டர் பக்கத்தில் நின்று வசனத்தை எடுத்துக் கொடுப்பார். இவர் வாயை அசைத்தால் போதும், குரலை வேறொருவர் பார்த்துக்கொள்வார். வருஷக்கணக்கில் அப்படியே இருந்து, வீட்டில் சாப்பாடு போதுமா என்று மனைவி கேட்டால்கூட, பதில் சொல்ல ஒரு நொடி நிற்கிறாராம்.

இப்போது ஒரு புது டைரக்டர். நிலத்தைக் கொடுக்கமாட்டேன் என்று வீட்டு வாசலில் உட்கார்ந்துவிடும் ஒரு அப்பா வேஷம். டப்பிங் கிடையாது, ஸ்பாட்டில் பேசுவதுதான் படத்தில். "உங்க ஊர்ப் பேச்சு வந்தா வேஷம் உங்களுக்கு, இல்லன்னா வேற ஆள்" என்று சொல்லிவிட்டாராம். மாதக் கடைசியில் டெஸ்ட். பேச்சைத் திரும்பப் பிடிக்கத்தான் வந்திருக்கிறார். "இத விட்டா எனக்கு வேற கெடைக்காதும்மா" என்றார்.

கொளஞ்சி பெஞ்சில் கிடந்த போனை எடுத்தார். அவரிடம் நீட்டினார்.

"நாங்க பேசுனத மொதல்ல அழிங்க. எங்க கண்ணெதிர்ல அழிங்க. அப்புறம் தெனம் வாங்க, எவ்ளோ வேணா குந்திப் பேசுவம்."

அழித்தார். மறுநாளிலிருந்து தினமும் போனார். ரிக்கார்டிங் இல்லை, வாய்ப் பேச்சுதான். மாதம் முடியும்போது சொன்ன தேதியில் காலி பண்ணினார். (வீட்டைக் கூட்டிக்கூட விட்டிருந்தார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையை எழுதமாட்டேன்.)

நேற்று தெரியாத நம்பரிலிருந்து போன். தெரியாத நம்பரை நான் எடுப்பேனா? மூன்றாவது தடவை எடுத்தேன்.

"அக்கா..."

ஒரே வார்த்தை. பேர் சொல்வதற்குள் எனக்கு ஆள் தெரிந்துவிட்டது.

"கெடச்சிடுச்சிக்கா! அந்த வேசம் எனக்குத்தான்!"

சந்தோஷத்தில் நான் கத்தியதைக் கேட்டு மலர்க்கொடி வேலி தாண்டி வந்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னால், சிரிக்கிறாள் என்கிறீர்களா? புருவத்தைச் சுருக்கினாள்.

"எல்லாம் சரிக்கா. படத்த எடுத்து முடிச்சிட்டு, கடைசில வேற ஆள வச்சிப் பேச வச்சிட்டாங்கன்னா?"

அட, ஆமாம்! வாயைத் திறந்து பேச வைத்துவிட்டு, கடைசியில் குரலை மாற்றிவிட்டால் யாரைப் போய்க் கேட்பது? அப்படியே அவரிடம் கேட்டேன்.

ஒரு நொடிகூட நிற்காமல் வந்தது பதில்.

"அதுக்குத்தான் படத்துல எங்கொரலுதான்னு எழுதிக் கையெழுத்து வாங்கிட்டனேக்கா... நானும் தட்டிப் பாத்து வாங்குற ஊருக்காரந்தான?"