சத்தமில்லாமல் ஊற்றிய தண்ணீர்

என் வீட்டுக்காரருக்குக் கிட்னி இரண்டும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் தென்காசி ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் செய்யப் போகிறோம். மற்ற நாளெல்லாம் அவர் கட்டிலில்தான். கட்டிலைப் பின்வாசல் பக்கம் போடச் சொன்னார், காற்று வரும் என்று. போட்டேன்.

அவருக்கு நாள் முழுக்கக் குடிக்கத் தண்ணீர் ஒரு சின்ன பாட்டில்தான். காப்பி, கஞ்சி, குழம்பு எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். காலையில் பாட்டிலை நிறைத்துத் தலைமாட்டில் வைப்பேன். மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். அப்புறம் நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டு கிடப்பார். இன்னும் கொடு என்று கேட்கமாட்டார். நானும் அந்தப் பக்கம் பார்க்கமாட்டேன்.

குற்றாலத்தில் அருவிக்குப் பக்கத்தில் எண்ணெய் தேய்த்துவிடுவதுதான் அவர் வேலை. சீசனுக்கு வருகிறவர்களின் தலையும் முதுகும் தேய்த்துத் தேய்த்து உள்ளங்கை பலகை மாதிரி ஆகிவிட்ட மனுசன். இப்போது அந்தக் கையில் ஊசி குத்த இடம் தேடுகிறார்கள்.

எங்கள் வீடு தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் உண்டு. ஒரு கொய்யா, ஒரு முருங்கை, ஒரு கருவேப்பிலை. அவர் படுத்த பிறகுதான் நான் அதில் கை வைத்தேன். முருங்கைக்கீரை அவருக்கு ஆகாது. தக்காளி ஆகாது. வாழைக்காய் ஆகாது. ஆகும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை மட்டும் போட்டேன். கத்தரி, புடலை, பீர்க்கு. அதையும் நறுக்கி வேகவைத்து, வடித்துக் கொட்டிவிட்டுத்தான் கொடுக்கவேண்டும். வடித்த தண்ணீரை ஆறவைத்துக் கத்தரிக்கு ஊற்றுவேன்.

காலையில் பீடி சுற்றுகிற தட்டைக் கையில் எடுக்கும் முன்னால் பின்பக்கம் போய்விடுவேன். இலையைத் திருப்பிப் புழு எடுப்பேன். களை பிடுங்குவேன். இலையோடு இலையைத் தைத்துக் கூடு கட்டுகிற சிட்டு ஒன்று கொய்யாவில் கட்டியிருந்தது. நான் கிட்டே போனாலும் பறக்காது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டார்கள். சிட்டு கேட்கவில்லை. புடலை கேட்கவில்லை. எனக்கு அது ஆறுதலாக இருந்தது. பிறகு வருகிறவர்களும் நின்றுபோனார்கள். மகளை ஆலங்குளத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். கைக்குழந்தைக்காரி. போனில் பேசுவாள்.

போன பங்குனியில் வெயில் தாங்கவில்லை. டியூபைப் போட்டுத் தண்ணீர் விட்டேன். ஒருநாள் விட்டுக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டை ஏறி இறங்கியது. தலைமாட்டில் பாட்டில் காலி. நான் டியூபை மடக்கிப் பிடித்தேன். அவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அன்றோடு டியூபைச் சுருட்டி வைத்தேன். குழாய் வாயில் பழைய துணியைக் கட்டினேன். துணியில் வழிந்து இறங்கினால் வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் வராது. பாத்திரத்தை முன்பக்கம் கொண்டுபோய்க் கழுவினேன். தேங்காய் உரித்த மட்டையை, அதுதான் கதம்பை, அண்டாவில் ஊறப்போட்டு, ஊறினதைச் செடி மூட்டில் வேரைச் சுற்றி அணைத்து வைத்தேன். கதம்பை ஈரத்தைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடும்.

அடுத்த வீட்டு அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, என்ன செய்த? செடிக்குத் தலவலியா, பத்துப் போடுத?"

"தண்ணி ஊத்துதேன்க்கா."

"இதுவா? பூனை பால் குடிச்சாக்கூட இத விடச் சத்தம் கேக்கும்."

"மெல்லப் பேசுங்க. அவுக முழிச்சிருக்காவ."

"அவனுக்குக் கிட்னிதான போச்சு, காதுமா போச்சு? கேட்டாக் கேக்கட்டும்."

நான் அடுத்த செடிக்குப் போனேன்.

கதம்பை ஈரம் வெயிலுக்குப் போதவில்லை. புடலைக்கொடி கீழிருந்து மஞ்சளாகி, பிஞ்சோடு பந்தலிலேயே காய்ந்தது. அதைப் பிடுங்கிப்போட எனக்கு மனசு வரவில்லை. கட்டிலுக்கு நேர் எதிரே தொங்கியது.

ஒரு வெள்ளிக்கிழமை சட்டையை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"நான் வரல."

"என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யல. போதும்."

"ஆட்டோ வந்து நிக்கி."

"போவச் சொல்லு."

தவறவிட்டால் உடம்பில் நீர் கட்டும், மூச்சு முட்டும், உயிருக்கே ஆபத்து என்று முதலிலேயே எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அவருக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

மகளுக்குப் போன் போட்டு அவர் காதில் வைத்தேன். "எப்பா, போங்கப்பா" என்று அவள் அழுதது எனக்கும் கேட்டது. அவர் போனை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் கெஞ்சவில்லை. எனக்குக் கெஞ்ச வராது. அவரும் நானும் கல்யாணமான நாளிலிருந்தே அதிகம் பேசிக்கொண்டவர்கள் இல்லை. ஆட்டோவை அனுப்பிவிட்டு வந்து பீடி சுற்றினேன்.

மறுநாள் கால் வீங்கியது. அதற்கு மறுநாள் ஞாயிறு. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்தே இருந்தார். நான் பின்னால் போனேன். வேறே எங்கே போக.

கத்தரி மூட்டில் கதம்பையைத் தூக்கினால் அடியில் கரையான். தண்டைப் பாதி அரித்திருந்தது. அடுத்ததைத் தூக்கினேன். அதிலும் கரையான். கதம்பையை எல்லாம் பிடுங்கி எறிந்தேன். யார்மேல் கோபம் என்று எனக்கே தெரியவில்லை. குழாயில் கட்டின துணியை அவிழ்த்தேன். டியூபை மாட்டிக் குழாயை முழுசாகத் திறந்தேன். கத்தரியில், சுவரில், வெறுந்தரையில் அடித்தேன்.

"ஏளா."

கட்டிலிலிருந்து அவர்தான். நிறுத்தப் போனேன்.

"நிப்பாட்டாத."

அப்படியே நின்றேன்.

"தண்ணி மோட்டர் ரிப்பேராயிட்டுன்னுல்லா நெனச்சேன்," என்றார்.

"ரிப்பேர்லாம் இல்ல."

"பொறவு?"

"சத்தம் கேட்டா உங்களுக்குத் தாகமெடுக்கும்னு நெனச்சேன்."

"கோட்டிக்காரி." மூச்சு வாங்கிக்கொண்டார். "காலம் பூரா அருவிச் சத்தத்துல நின்னவன் நான். அந்தத் தண்ணியவா குடிச்சேன்?"

அவர் பந்தலில் காய்ந்த புடலையைப் பார்த்தார்.

"கொடி காஞ்சி தொங்குது. தண்ணி ஊத்துத சத்தமும் இல்ல. சரி, இவளும் விட்டுட்டான்னு நெனச்சேன்."

"செடியவா?"

அவர் குனிந்து வீங்கின காலைத் தடவிக்கொண்டார்.

டியூபை வாசல்படி வரை இழுத்துக்கொண்டு வந்தேன். ஊசி குத்தாத கையை நீட்டினார். கொடுத்தேன். உட்கார்ந்தபடியே எட்டின தூரம் கத்தரிக்கு விட்டார். பெருவிரலை டியூப் வாயில் வைத்து அழுத்தி, தண்ணீரை விசிறிவிட்டார். கை முழுக்க நனைந்தது. ஒரு சொட்டைக்கூட வாய்க்குக் கொண்டுபோகவில்லை. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போவமா?" என்றேன்.

"இன்னைக்கு ஞாயித்துக்கெழமல்லா. செய்வாங்களா?"

"போயிக் கேப்போம்."

"சட்டைய எடு."

அடுத்த வீட்டு அக்காதான் ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தாள். அவரைக் கைத்தாங்கலாக ஏற்றும்போது, "என்னா அசைஞ்சி வருதான் பாரு, அருவியில குளிக்கவா போற? ஏறுலே சீக்கிரம்" என்று ஏசினாள். அவர் சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் உடனே சக்கர நாற்காலியில் வைத்து உள்ளே கொண்டுபோனார்கள். இனி தவறவிட்டால் இவ்வளவு தூரம் கொண்டுவந்து சேர்க்க முடியாது என்று டாக்டர் சொன்னார். சரி என்றேன். கதவைச் சாத்திவிட்டார்கள்.

வராந்தாவில் மற்ற நோயாளிகளோடு ஆளுக்கு இரண்டு பேர், மூன்று பேர் வந்திருந்தார்கள். டிபன் வாங்கிவந்து பங்கிட்டுத் தின்றார்கள். நான் ஓரமாக உட்கார்ந்து மகளுக்குப் போன் போட்டேன்.

"உள்ள கூட்டிட்டுப் போயிட்டாவ."

"நீ தனியாவாம்மா இருக்க?"

"ஆமா."

அவள் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது. போனை வைத்துவிட்டு எழுந்தேன். வேறு யாரையோ வெளியே கொண்டுவந்தார்கள். திரும்ப உட்கார்ந்தேன்.