டீச்சர் தூங்கிய மதியங்கள்

மூன்றாம் வகுப்பு டீச்சர் இறந்துவிட்ட செய்தியைப் போனில் சொன்னவள், அந்த வகுப்பில் எங்களுக்கு லீடராக இருந்தவள். இருவரும் உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் சந்தித்து, ஆளுக்கொரு மாலை வாங்கிக்கொண்டு போனோம். டீச்சரின் வீட்டை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தோம்.

கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் டீச்சர் படுத்திருந்தார். தலைமாட்டில் எங்கள் வயதை ஒத்த ஒருவர் உட்கார்ந்து, கண்ணாடியை விரல்களால் விடாமல் தட்டிக்கொண்டிருந்தார். டீச்சரின் மகன். பேச்சு வராது. இத்தனை பேர் எதற்கு வந்திருக்கிறார்கள் என்பதும் அவருக்கு எட்டியதாகத் தெரியவில்லை. அவர் தோளைப் பிடித்தபடி டீச்சரின் தங்கை உட்கார்ந்திருந்தார்.

“சின்னதுலேர்ந்தே ராத்திரியில தூங்க மாட்டான்மா. கதவத் தொறந்துக்கினு ஓடிடுவான். பகல்ல நான் பாத்துக்குவேன், ராத்திரிக்கு அக்கா. விடியக்காலைலதான் கண்ண மூடுவான். அந்நேரத்துக்கு அக்கா பஸ் புடிக்க ஓடும்” என்றார் தங்கை.

லீடர் என்னைப் பார்த்தாள். எங்களுக்கு எட்டு வயதில் இது தெரியாது. டீச்சர் மதியம் தூங்குவார் என்பது மட்டும் தெரியும்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கு இரண்டே அறைகள். ஒன்றில் பெரிய சார் நான்கையும் ஐந்தையும் வைத்திருந்தார்; மற்றொன்றில் டீச்சர், மூன்று வகுப்புகளோடு. பாடத்திலுள்ள கதையை டீச்சர் வாசித்தால் அதில் வரும் நரி எங்கள் ஊர் ரேஷன் கடைக்காரரின் குரலில் பேசும். சிங்கத்துக்கு பஸ் கண்டக்டரின் குரல். அந்தக் கண்டக்டர் டிக்கெட் கேட்டு வந்தால் நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். அவருக்குக் காரணம் விளங்காது. டீச்சர் யாரையும் அடித்ததில்லை. காய்ச்சல் என்றாலும் பள்ளிக்கு வந்துவிடும் பிள்ளைகள் அந்த அறையில் இருந்தார்கள்.

சத்துணவு முடிந்ததும் எங்களுக்கு எழுத வேலை கொடுத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைப்பார். பிறகு அலமாரியில் தலை சாய்ப்பார். அவ்வளவுதான். அந்த நேரத்தில் அறையைக் காப்பது எங்கள் பொறுப்பு என்று யாரும் சொல்லாமலே ஏற்றுக்கொண்டிருந்தோம். லீடர் கதவருகே நிற்பாள். ஆடு உள்ளே வந்தால் சத்தமில்லாமல் கொம்பைப் பிடித்து வெளியே இழுப்போம். ஒருமுறை ஒருவன் தட்டைக் கீழே போட்டுவிட்டான். டீச்சர் அலறியடித்து எழுந்து, “ஐயோ, எங்க போயிட்டான்?” என்று கேட் வரைக்கும் செருப்பில்லாமல் ஓடினார். யாரைத் தேடினார் என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. எழுப்பினால் டீச்சர் பயந்துகொள்வார் என்பதை மட்டும் தெரிந்துகொண்டோம்.

அப்படியொரு மதியத்தில்தான், பெரிய சார் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து, கல்வி அதிகாரியின் ஸ்கூட்டர் வந்து புங்க மரத்தடியில் நின்றது.

“ஏ.இ.ஓ. வந்துட்டாருடி! இன்னா பண்றது? எழுப்பலாமா?” லீடருக்கு முகம் வெளுத்துவிட்டது.

எழுப்பினால் கத்திக்கொண்டு ஓடுவார். அது அதிகாரியின் கண்ணெதிரிலேயே நடக்கும். எனக்கு எங்கள் வீடு நினைவுக்கு வந்தது. அறுப்புக் காலத்து மதியங்களில் வீட்டில் எல்லாருமே தூங்குவார்கள். யாரும் யாரையும் ஏன் தூங்குகிறாய் என்று கேட்க மாட்டார்கள்.

“எல்லாரும் தூங்கிட்டா டீச்சர மட்டும் எப்டி திட்டுவாரு?” என்றேன்.

லீடர் கையை அசைத்தாள். மொத்த அறையும் அப்படியே தரையில் சாய்ந்தது. ஒன்றாம் வகுப்புச் சிறுசுகள் சிலர் நிஜமாகவே தூங்கிக்கொண்டிருந்தது வசதியாகப் போயிற்று.

அதிகாரி உள்ளே வந்தார். நான் அரைக்கண்ணால் அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது வெகுநேரம் நகரவில்லை. பிறகு அவர் சாவியால் மேஜையைத் தட்டினார்.

“எங்க? எங்க போனான்?” டீச்சர் எழுந்து அவரை இடித்துக்கொண்டே வாசலுக்கு ஓடினார். படியில் நின்று, திரும்பினார். அவரைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

“என்னம்மா இதெல்லாம்?” என்றார் அதிகாரி.

டீச்சர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தார். என் இமை துடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒருவன் சிரிப்பை அடக்கியதில் மூக்கு புர்ரென்றது. நாங்கள் நடிப்பது டீச்சருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

“வெளிய வந்து பேசலாம் சார். புள்ளைங்க தூங்குதுங்க” என்றார் மெதுவாக.

மரத்தடியில் நடந்ததை லீடர் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சொன்னாள். “டீச்சர் அளுவுறாங்க... அவரு நெத்திய தேச்சிக்கினு கீறாரு... கிளம்பிட்டாரு!”

தணிக்கை எதுவும் செய்யாமலே ஸ்கூட்டர் போய்விட்டது. எங்கள் திட்டம் பலித்துவிட்டதாக எழுந்து குதித்தோம்.

அந்த மாதக் கடைசியில் டீச்சருக்கு மாற்றல் வந்தது. அதிகாரி பழிவாங்கிவிட்டார் என்று நாங்கள் ஒருமனதாகத் தீர்மானித்தோம். அடுத்த முறை அதிகாரி வந்தபோது ஒரு பிள்ளையும் வணக்கம் சொல்லவில்லை. பெரிய சார் முறைத்தும் பயனில்லை. அதிகாரி மட்டும் கோபப்படாமல், எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தார். டீச்சருக்கு மாற்றல் கிடைத்த பள்ளியை இறுதிச் சடங்குக்குப் போன அன்றுதான் பார்த்தேன். டீச்சர் வீட்டுப் பின்கதவைத் திறந்தால் எதிரே அதன் மைதானம். பஸ் பிடிக்கத் தேவையில்லை. மகன் கண்ணை மூடும் விடியற்காலையில் அவரும் படுத்துக்கொள்ளலாம்.

டீச்சர் எங்கள் பள்ளியில் இருந்த கடைசி நாள் மாலை பஸ் நிறுத்தம் வரைக்கும் எல்லாரும் கூடவே போனோம். டீச்சர் என் கையைப் பிடித்திருந்தார். எனக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது.

“அந்த ஸ்கூல்ல உங்கள தூங்க உடுவாங்களா டீச்சர்?”

டீச்சர் சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அங்க யாருடி எனக்காக ஆட்டப் புடிச்சி வெளிய இழுப்பாங்க?”

“அப்ப இங்கியே இருந்துடுங்களேன்” என்றேன்.

பஸ் வந்தது. டீச்சர் என் தலையைத் தடவிவிட்டு ஏறிக்கொண்டார். இவ்வளவு வசதியான பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஒருவர் எதற்காகப் போக வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.